குதிரையேற்றப் பயிற்சி: சொந்தக் குதிரையா, குத்தகையா, அடுத்தவர் குதிரையா?

குதிரையேற்றம் கற்றுத்தரும் பள்ளி ஒன்றைத் தொடங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் விசாரிப்பது குதிரையின் விலையைத்தான். நல்ல குதிரை எங்கே கிடைக்கும், என்ன சொல்கிறார்கள், பேசினால் குறைப்பார்களா என்று. விசாரிக்கட்டும், தப்பில்லை. ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது குதிரை விஷயத்தில் அப்படியே பொருந்தும். வாங்கிய விலை ஒரு தடவைதான் போகும். வயிறும் குளம்பும் பல்லும், பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளமும் வகுப்பு நடந்த நாளிலும் கேட்கும், மழையில் நடக்காமல் போன நாளிலும் கேட்கும்.

வகுப்புக்குக் குதிரை கிடைக்க நான்கு வழிகள் இருக்கின்றன. சொந்தமாக வாங்கலாம். குத்தகைக்கு எடுக்கலாம். உங்கள் லாயத்தில் வாடகை கொடுத்துத் தன் குதிரையைக் கட்டியிருப்பவரிடம் பேசி, அந்தக் குதிரையையே வகுப்புக்கும் பயன்படுத்தலாம். அல்லது குதிரையே வைத்துக்கொள்ளாமல், வேறொருவர் லாயத்தில் போய்க் கற்றுக்கொடுக்கலாம். மாதச் செலவாக எழுதிப் பார்த்தால் முதல் வழி மட்டும்தான் பயமுறுத்தும். கடைசி இரண்டும் கிட்டத்தட்ட இலவசம் போலத் தெரியும். அதே கணக்கை, ஒரு வகுப்பு மணிக்கு எவ்வளவு ஆகிறது என்று மாற்றிப் போட்டால் படம் வேறாகிவிடுகிறது.

ஒரு குதிரை ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் தரும்?

நாளைக்கு இரண்டு வகுப்பு, வாரத்தில் ஐந்து நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 520 மணி. திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த 520-ஆல்தான் செலவை வகுக்கிறார்கள். கட்டணம் தப்பாகிப் போவது இந்த இடத்தில்தான்.

மழை, கடும் வெயில், தேர்வுக் காலம், விடுமுறைகள், குதிரை நொண்டும் வாரங்கள் என்று 12 வாரம் கழித்தால் மிச்சம் 400 மணி. புதியவர்கள் மட்டுமே மாறி மாறி ஏறும் குதிரை மெல்ல மெல்லக் கெட்டுப்போகும் என்பது பலருக்குத் தெரியாது. பிடிமானத்துக்காகக் கடிவாளத்தையே இழுத்து இழுத்து அதன் வாய் மரத்துப்போகும். குதிகாலால் இடித்து இடித்து விலா மரத்துப்போகும். வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது தேர்ந்த ஒருவர் ஏறி, அதை மறுபடி மென்மையான சைகைக்குப் பழக்க வேண்டும். அந்த 40 மணிக்கு யாரும் கட்டணம் தரப்போவதில்லை. ஆக 360. இதற்கு மேல், மாணவர்கள் கேட்பதெல்லாம் மாலை நேரமும் சனி, ஞாயிறும்தான். வாரநாள் காலை பத்து மணிக்கு வர யார் இருக்கிறார்கள்? பத்தில் ஏழு இடம் நிரம்பினால்கூட மிஞ்சுவது 250 மணிதான்.

520 என்று நினைத்தது 250 ஆகிவிட்டது. குதிரைக்கான செலவு ஒரு வகுப்புக்கு இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. மேலே உள்ள எண்கள் ஒரு மாதிரிதான். உங்கள் ஊர் வானிலைக்கும் மாணவர் கூட்டத்துக்கும் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் எப்படி மாற்றினாலும் 520-க்குப் பக்கத்தில் வராது.

சரி, நாளைக்கு ஐந்து வகுப்பு ஓட்டினால் என்ன? ஓட்டலாம். குதிரையும் கொஞ்ச நாள் போகும். அப்புறம் சேணத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போதே காதை மடக்கும். வயிற்றுவாரை இழுத்துக் கட்டும்போது திரும்பிக் கடிக்கப் பார்க்கும். அதன் மேல் ஏழு வயதுக் குழந்தையை ஏற்ற உங்களுக்கே மனம் வராது. வகுப்பு முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகெலும்புக்கு இரு பக்கமும் விரல் நுனிகளால் அழுத்திக்கொண்டே போனால், வலிக்கும் இடம் வந்ததும் குதிரை முதுகைச் சட்டென்று கீழே இறக்கும். பள்ளியின் தரத்தை அளக்க இதைவிட நேரான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. பிள்ளையைச் சேர்க்கப் பள்ளி தேடும் பெற்றோரும் இதைச் செய்துகாட்டச் சொல்லிக் கேட்கலாம்.

எங்கெல்லாம் போகிறது பணம்

நான்கு வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன்னால், எந்த வழியில் போனாலும் யாரோ ஒருவர் கொடுத்தாக வேண்டிய செலவுகளைப் பார்த்துவிடுவோம்.

500 கிலோ எடையுள்ள குதிரைக்கு அதன் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் அளவுக்கு நார்த்தீவனம் தேவை. உலர்புல்லாகக் கொடுத்தால் நாளைக்கு 8 முதல் 10 கிலோ, ஆண்டுக்குச் சுமார் 3 முதல் 3.6 டன். அறுவடைக் காலத்தில் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஆனால் நனையாத கிடங்கு வேண்டும். ஈரம் பட்ட புல்லில் பூஞ்சணம் பிடிக்கும், அந்தத் தூசு குதிரையின் நுரையீரலுக்கு ஆகாது. கையில் பணம் இல்லாத பள்ளி வாராவாரம் வாங்கும், அதிக விலை கொடுக்கும்.

புல்லைக் குறைத்துத் தானியத்தைக் கூட்டினால் மிச்சமாகும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். குதிரையின் இரைப்பையில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மேய்ந்துகொண்டிருப்பதற்கு ஏற்ற வயிறு அது. மணிக்கணக்கில் காலியாக விட்டால் புண் வரும். தானியம் ஒரேயடியாகப் போனால் வயிற்றுவலி வரும். குதிரைக்கு வயிற்றுவலி என்பது சாதாரண விஷயமில்லை. அதற்கு வாந்தியெடுக்க முடியாது. குடல் முறுக்கிக்கொண்டால் அறுவை சிகிச்சைதான், இல்லையென்றால் சாவுதான். பல மாதம் மிச்சம் பிடித்த புல் காசு ஒரே ராத்திரியில் போய்விடும்.

குளம்பு 6 முதல் 8 வாரத்துக்கு ஒரு தடவை. லாடம் இல்லாத குதிரைக்கும் குளம்பைச் செதுக்கியே ஆக வேண்டும். ஆண்டுக்கு ஏழெட்டு முறை, ஒவ்வொரு குதிரைக்கும். இதை பத்து வாரம், பன்னிரண்டு வாரம் என்று தள்ளிப்போடுவதுதான் பணமுடையில் இருக்கும் பள்ளி முதலில் செய்யும் காரியம். பார்த்தாலே தெரியும். குளம்பு முன்பக்கம் நீண்டிருக்கும். பக்கச் சுவரில் மடக்கி அடித்த ஆணி முனைகள் தலைதூக்கியிருக்கும். அந்த முனை குதிரையின் மறுகாலைக் கீறும். லாடம் வகுப்பின் நடுவிலேயே கழன்று விழும். அன்றைக்கும் லாடம் அடிக்கிறவர் வரும்வரையும் அந்தக் குதிரைக்கு வேலை இல்லை, வருமானமும் இல்லை.

பல்லை ஆண்டுக்கொரு முறை ராவ வேண்டும், தடுப்பூசி போட வேண்டும், குடற்புழுவுக்குச் சாணத்தைச் சோதித்து மருந்து கொடுக்க வேண்டும். ஒரு குதிரை நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் சாணம் போடும். அதோடு நனைந்த படுக்கையும் சேரும். ஆறு குதிரை என்றால் நாளும் 120 கிலோவுக்கு மேல் எங்கேயாவது போயாக வேண்டும். விவசாயிகள் எடுத்துக்கொண்டால் புண்ணியம். எடுக்காவிட்டால் அதற்கும் வண்டி வாடகை. பயிற்சிக் களத்து மணலைத் தண்ணீர் தெளித்துச் சமப்படுத்துவது, காப்பீடு, சேணம் பழுது, தலைக்கவசம் எல்லாம் இருக்கின்றன. பலமாக அடிபட்ட தலைக்கவசத்தை வெளியே கீறல் இல்லாவிட்டாலும் மாற்றத்தான் வேண்டும்.

இத்தனையும் சேர்த்தாலும் பல பள்ளிகளில் ஆட்களின் கூலிதான் இவற்றை மிஞ்சும். மாணவர் ஒரு மணி நேர வகுப்புக்குப் பணம் கட்டுகிறார். பள்ளிக்கு அது இரண்டு மணி நேர வேலை. குதிரையைப் பிடித்து வருவது, தேய்ப்பது, குளம்பைச் சுரண்டுவது, சேணம் பூட்டுவது, முடிந்ததும் நடக்கவிட்டு வியர்வை ஆற்றி மறுபடி கட்டுவது எல்லாம் அதில் சேரும். பண்டிகை நாளிலும் காலையில் தீனி வைக்க ஓர் ஆள் வேண்டும்.

சொந்தக் குதிரை

இதில்தான் உங்களுக்கு முழு அதிகாரம். எந்தக் குதிரைக்கு எந்த மாணவர், எப்போது ஓய்வு, எந்தத் தீனி என்று எல்லாமே உங்கள் முடிவு. தரமான பள்ளிக்கு இந்த அதிகாரம் இல்லாமல் முடியாது என்பது என் கருத்து. அதற்கான விலை மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது.

முதலாவது, வாங்கும்போது. நான்கு வயதுக் குதிரை மலிவாகக் கிடைக்கும், துடிப்பாகவும் இருக்கும். ஆனால் குதிரையின் முதுகெலும்பு முழுவதும் முதிர ஐந்தரை வயதாவது ஆகும். அதுவரை கனமான வேலை கூடாது. அதைப் புதியவர்களுக்கு ஏற்றதாகப் பழக்க ஓரிரண்டு ஆண்டு தேர்ந்தவர் உழைப்பு வேண்டும், அந்த ஆண்டுகளில் வகுப்பு வருமானம் பூஜ்யம். அமைதியான பன்னிரண்டு வயதுக் குதிரைக்கு இரண்டு மடங்கு கேட்கிறார்கள் என்றால், அந்த ஆண்டுகளின் கூலியும் தீனியும் அந்த விலைக்குள் இருக்கின்றன. ஏறியிருக்கும் பிள்ளை ஒரு பக்கம் சரியத் தொடங்கியதும் தானாகவே நடையைக் குறைத்து நிற்கும் குதிரைகள் உண்டு. அந்தக் குணத்துக்கு நான் பேரம் பேச மாட்டேன். கால்நடை மருத்துவரை வைத்துப் பார்க்காமல் மட்டும் வாங்காதீர்கள். ஓய்வெடுத்த குதிரையிடம் நொண்டல் தெரியாமல் இருக்கலாம், ஒரு வாரம் ஓட்டிய பிறகுதான் வெளியே வரும்.

இரண்டாவது, குதிரை சும்மா நிற்கும் நாட்கள். தசைநார் அடிபட்டால் மாதக்கணக்கில் ஓய்வு. தீனி நிற்காது, வருமானம் நின்றுவிடும். ஆறு குதிரை உள்ள பள்ளியில் ஒன்று எப்போதும் ஓய்வில் இருக்கும் என்று வைத்தே கட்டணம் போட வேண்டும்.

மூன்றாவதைத்தான் யாரும் கணக்கில் எழுதுவதில்லை: குதிரையின் முதுமை. நல்ல பராமரிப்பில் குதிரை 25 வயதைத் தாண்டி வாழும். பள்ளி வேலையோ 20 வயது வாக்கில் முடிந்துவிடும். 12 வயதில் வாங்கி 20 வரை வேலை வாங்கினால் 8 ஆண்டு உழைப்பு. அதன்பின் 6 ஆண்டு வாழ்ந்தால், உழைத்த ஒவ்வோர் ஆண்டும் ஒன்பது மாத ஓய்வுக்காலத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். ஓய்வில் இருக்கும் குதிரைக்குச் செலவு குறைவுதான். லாடம் வேண்டாம், மேய்ச்சல் இருந்தால் தீனியும் குறையும். ஆனாலும் இல்லாமல் போகாது. இந்தத் தொகையைத் தனியாக எடுத்துவைக்காத பள்ளி, வயதான குதிரையை வந்த விலைக்குத் தள்ளிவிடும். அல்லது நொண்டலை மருந்தால் மறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓட்டும். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

குத்தகைக் குதிரை

குதிரை உரிமையாளருடையது, தீனியும் லாடமும் உங்களுடையது, குறிப்பிட்ட காலம் கழித்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம். வாங்கும் விலை இல்லை, முதுமையின் பாரம் இல்லை. குதிரைக்கும் பள்ளிக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கவும் இதுதான் சரியான வழி.

ஆனால் நல்ல பள்ளிக் குதிரையை யார் குத்தகைக்கு விடுவார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். மேற்படிப்புக்குப் போகும் பெண்ணின் குதிரை, பிள்ளை வளர்ந்து உயரம் போதாமல் போன மட்டக்குதிரை என்று நல்ல காரணங்களும் உண்டு. விற்கப் பார்த்தும் விலைபோகாத காரணங்களும் உண்டு. ஒரு மாதம் சோதனைக்கு எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.

இன்னொரு சங்கடம், பழக்கியது நீங்கள், லாபம் அவருக்கு. முரட்டுக் குதிரையை ஓராண்டு உழைத்துப் பள்ளிக்குப் பக்குவமாக்கியிருப்பீர்கள். நல்ல விலை வந்ததும் அவர் கேட்டு வாங்கிப் போய்விடுவார். எத்தனை மாத முன்னறிவிப்பு, பெரிய மருத்துவச் செலவு யாருடையது, விற்பதானால் முதலில் உங்களைக் கேட்க வேண்டுமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கேள்வி வந்தால் ஒப்பந்தத்தைத் தேடிப் பிடித்து விவாதிக்க நேரம் இருக்காது.

கட்டியிருப்பவர் குதிரை

உரிமையாளருக்கு லாய வாடகையில் தள்ளுபடி, உங்களுக்கு வாரத்தில் சில மணி நேரம் குதிரை. கேட்க அழகாக இருக்கிறது. தள்ளுபடி கொடுப்பது செலவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் முழு வாடகை தரும் இன்னொருவர் வந்திருப்பார் என்றால் அது ரொக்கச் செலவுதான்.

இந்த வழி சறுக்குவது நேரத்தில். உரிமையாளருக்கும் ஓய்வு சனி, ஞாயிறுதான். மாணவர்கள் கேட்கும் நேரத்தில்தான் அவரும் ஏற வருவார். மிச்சமிருப்பது வாரநாள் காலை, அதாவது யாரும் வராத நேரம். போதாக்குறைக்கு, ஒருவர் கைக்கே பழகிய குதிரை, முதுகில் தொப்புத்தொப்பென்று விழும் புதியவரைப் பொறுத்துக்கொள்ளாது. பொறுத்துக்கொண்டாலும், ஒரு மாதத்தில் உரிமையாளர் வந்து "என் குதிரை முன்னே மாதிரி இல்லையே" என்பார். அவர் சொல்வதும் சரிதான்.

ஓரளவு ஏறத் தெரிந்த, கை இலகுவான ஒன்றிரண்டு மாணவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. பள்ளிக்கு இதையே அஸ்திவாரமாக வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குதிரையே இல்லாமல்

வேறொருவர் லாயத்தில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்து அவர்கள் குதிரையில் கற்றுக்கொடுக்கலாம். அல்லது சொந்தக் குதிரை வைத்திருப்பவர்களின் இடத்துக்கே போய்க் கற்றுக்கொடுக்கலாம். நட்டம் வர வழியே இல்லாததுபோல இருக்கும். பயண நேரத்தைக் கணக்கில் சேர்த்தால்தான் கூலி எவ்வளவு குறைவு என்று தெரியும். குதிரையின் ஓய்வு, லாடம், சேணப் பொருத்தம் எதிலும் உங்களுக்குச் சொல்லில்லை. ஐந்தாவது வகுப்புக்கு அசதியோடு வரும் குதிரையை மறுக்கவும் முடியாது. ஆனால் விபத்து நடந்தால் களத்தில் நின்றவர் நீங்கள். சொந்தப் பொறுப்புக் காப்பீடு இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

ஆனாலும் ஒன்று: உங்களுக்குக் கற்றுக்கொடுக்க வருகிறதா, மாணவர்கள் மூன்று மாதம் தாண்டித் தங்குகிறார்களா என்பதைக் குறைந்த செலவில் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

தனி வகுப்பா, குழு வகுப்பா

எந்த வழியில் குதிரை வந்தாலும் இந்தக் கேள்வி வரும். பலரும் தடுமாறுவது இதில்தான். நான்கு பேரைச் சேர்த்து எடுத்தால் செலவு நான்கில் ஒன்றாகும் என்று நினைக்கிறார்கள். குறைவது ஆசிரியர் செலவும் களத்துச் செலவும் மட்டுமே. நான்கு மாணவருக்கு நான்கு குதிரை வேண்டும்.

ஒரு மணிக்குக் குதிரைக்கு 3 பங்கு, ஆசிரியருக்கு 3 பங்கு, களம், காப்பீடு மற்றதெல்லாம் சேர்த்து 2 பங்கு என்று வைப்போம். தனி வகுப்பின் அடக்கவிலை 8. நான்கு பேர் குழுவில் ஒருவருக்குக் குதிரையின் 3-ம், மிச்சமுள்ள 5-இல் கால் பங்கும் சேர்ந்து 4.25. ஒருவர் வராமல் போனால் மற்ற மூவருக்கும் 4.67. அவர் பெயரில் நிற்கும் குதிரைக்கு அன்றைக்கு யார் தருவது என்பது தனி. தனிக் கட்டணத்தை அடக்கவிலைக்கே வைத்து, குழுக் கட்டணம் அதில் பாதி, அதாவது 4 என்று அறிவித்துவிட்ட பள்ளி, எல்லோரும் வந்தாலும் நட்டத்தில்தான் ஓடுகிறது. இப்படிப்பட்ட நான்கு பேர் குழுக்கள் கூடக் கூட நட்டமும் கூடும் விசித்திரத்தை இந்தத் தொழிலில் பார்க்கலாம்.

வராதவருக்குக் கட்டணம் உண்டா என்பதில் கறாராக இருங்கள். வகுப்புக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் பணம் திரும்பாது என்று சேரும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. மாதக் கட்டணமாக முன்கூட்டி வாங்கினால் இந்தச் சச்சரவு பாதி குறையும்.

எடை விஷயத்தையும் கட்டணத்தோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 400 கிலோ குதிரைக்கு மேல்வரம்பே 80 கிலோ. பெரியவர்களையும் சேர்த்துக்கொள்ளும் பள்ளிக்குப் பெரிய குதிரைகள் வேண்டும், அவை அதிகம் தின்னும், அவற்றின் சேணமும் வேறு. குழந்தைகளுக்கு மட்டும் என்று முடிவெடுத்தால் மட்டக்குதிரைகள் போதும், செலவு கணிசமாக இறங்கும். ஆனால் அவற்றின் மேல் ஏறிப் பழக்கச் சிறிய உருவமுள்ள தேர்ந்த ஆள் கிடைக்க வேண்டும்.

எதை எடுப்பது?

கற்றுக்கொடுத்த அனுபவம் இல்லாதவர் முதலாண்டு அடுத்தவர் லாயத்தில் நடத்தட்டும். அனுபவமும் நிரந்தர மாணவர்களும் இருந்தால், மூன்று நான்கு சொந்தக் குதிரைகளை, எல்லாம் பத்து வயது தாண்டிய நிதானமானவையாக, முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டைக் குத்தகைக்கு எடுப்பதுதான் என் தேர்வு. குதிரை ஒன்று நொண்டினாலும் வகுப்பு நிற்காது, மாணவர் குறைந்தால் குத்தகைக் குதிரையைத் திருப்பிவிடலாம். சொந்தக் குதிரைகள் எல்லாம் ஒரே வயதில் இருக்கக் கூடாது. பன்னிரண்டில் ஒன்று, பதினைந்தில் ஒன்று என்று இடைவெளி விட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் எல்லாமே ஒரே ஆண்டில் ஓய்வுக்குப் போய், புதுக் குதிரைகளின் விலையும் பழைய குதிரைகளின் தீனியும் சேர்ந்து வந்து நிற்கும்.

அனுபவமும் மாணவர்களும் இருந்தாலும், முதல் குதிரைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் 250 மணியால் வகுத்து வரும் கட்டணத்தை, ஓய்வுக்கால நிதியும் ஆசிரியர் சம்பளமும் சேர்த்து, ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் சம்பளத்தையும் சேர்த்துத்தான். நான் எப்படியும் அங்கேதானே இருப்பேன் என்று அதை விட்டுவிடாதீர்கள். பிறகு அந்தக் கட்டணத்தை இப்போதுள்ள மாணவர்களிடம் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேராவது தொடர்கிறேன் என்று சொன்னால் மருத்துவரை அழைத்துக்கொண்டு குதிரை பார்க்கப் போகலாம். சொல்லாவிட்டால், வாடகைக்கு எடுத்த லாயத்திலேயே இன்னும் ஓராண்டு.